ரெக்கார்டு நோட்டின் முதல் பக்கம்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை அறைக்கு வெளியே, மர பெஞ்சில், கொதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு இது புதிதில்லை. கேஸ் ஏஜென்சி, ரேஷன் கார்டு ஆபீஸ், பல் டாக்டர் கிளினிக்... நான் கொதித்த பெஞ்சுகளின் பட்டியல் உங்களுக்கே மனப்பாடமாகியிருக்கும். ஆனால் இந்த முறை கோபம் எனக்காக இல்லை. தர்ஷினிக்காக.

பொதுவாக இங்கே பெயர்களை மாற்றித்தான் எழுதுவேன். தர்ஷினியின் பெயரை மட்டும் மாற்றவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

தர்ஷினி என் மகள் மதுவின் வகுப்புத் தோழி. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறார்கள். நாங்கள் ஸ்ரீரங்கம், அவர்கள் திருவானைக்கோவில். அவள் அப்பா முருகேசன் துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் வெல்டர். அம்மா செல்வி டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறாள்.

மதுவுக்கு டாக்டர் ஆசை. தர்ஷினிக்கு டிசைன் காலேஜ்.

‘டிசைன்’ என்று சொன்னதும் அவள் சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விகளை வைத்தே தனியாக ஒரு வாரம் எழுதலாம். பிளவுஸ் டிசைனா? மெஹந்தியா? ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையா? தொட்டியத்திலிருந்து வந்த பெரியப்பா, "அதுக்கு எதுக்கும்மா காலேஜு? கை வந்தா வரைய வேண்டியதுதானே" என்றாராம். பயாலஜி குரூப் படித்துவிட்டு நர்ஸிங்காவது சேராமல் இது என்ன கூத்து என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள்.

கேட்காத ஒரே ஆள் முருகேசன்தான். "எங்க கம்பெனில டிராயிங் வராம ஒரு இரும்பு பிளேட்டைக்கூட வெட்ட மாட்டாங்கக்கா" என்றார் என்னிடம். "யாரோ ஒருத்தர் உக்காந்து யோசிச்சு வரையறாரு. அப்புறம்தான் நாங்க பத்து பேரு வேலை பாக்கறோம். இவ அந்த உக்காந்து யோசிக்கிற எடத்துக்குப் போகட்டுமே."

வெளி மாநிலத்தில் இருக்கிறது அந்தக் காலேஜ். விண்ணப்பத்தோடு பத்துப் படைப்புகள் கொண்ட ஒரு தொகுப்பை அனுப்ப வேண்டும். போர்ட்ஃபோலியோ என்கிறார்கள். தர்ஷினி தன் ஃபைலை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து காட்டினாள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கும் ஒரு பெண். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்திருக்கும் கைகள்... முகமே கிடையாது, வெறும் கைகள். ஆனால் எது காலேஜ் பெண்ணின் கை, எது கொத்தனார் கை என்று பார்த்ததும் தெரிகிறது. பெரியப்பா ஊரில் லாரியில் வாழைத்தார் ஏற்றுபவர்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது செருப்பு டோக்கன்.

கோயில் வாசலில் செருப்பை விட்டால் டோக்கன் தருவார்கள் இல்லையா? 66 என்று கொடுப்பார்கள். சேவித்துவிட்டு வந்து 99 என்று நீட்டுவோம். இன்னொருவர் செருப்பு நம் முன்னால் வந்து விழும். நம் செருப்பு மதுரைக்கு டூரிஸ்ட் வேனில் போய்க்கொண்டிருக்கும். தர்ஷினி இதற்கு ஒரு மாற்று டோக்கன் வரைந்திருந்தாள். மேல் விளிம்பு வளைவு, கீழ் விளிம்பு நேர்கோடு. அவ்வளவுதான். கண் தெரியாதவர்கூடத் தடவிப் பார்த்து எது தலை, எது கால் என்று சொல்லிவிடலாம். எத்தனை வருஷமாக நான் அங்கே செருப்பு விடுகிறேன்! எனக்கு இது ஒரு நாளும் தோன்றியதில்லை.

இந்தப் பெண் வரைந்ததாக நம்ப முடியவில்லை என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்.

விஷயம் இதுதான். விண்ணப்பத்தோடு ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். ‘இணைக்கப்பட்டுள்ள படைப்புகள் யாவும் இந்த மாணவி சொந்தமாகச் செய்தவை’ என்று பள்ளியின் டிராயிங் ஆசிரியர் அல்லது தலைமை ஆசிரியர் கையெழுத்து போட்டு, சீல் வைத்துத் தர வேண்டும். கடைசித் தேதி புதன்கிழமை மாலை ஐந்து மணி. திங்கட்கிழமை தர்ஷினி போய்க் கேட்டிருக்கிறாள். தலைமை ஆசிரியை மாட்டேன் என்றுவிட்டார். செல்வி கடையிலிருந்தே போன் செய்தாள். "அக்கா, கையெழுத்து போட மாட்டேன்னுட்டாங்கக்கா. இவ வந்து ஒண்ணும் பேசாம உக்காந்திருக்கா. எனக்கு லீவு இல்ல. நீங்க கொஞ்சம் வரீங்களா?"

டிராயிங் ஆசிரியர் எங்கே என்று கேட்கிறீர்களா? இருந்தார். இவர்கள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது ரிட்டயர் ஆனார். அந்த இடத்துக்கு வேறு யாரையும் போடவில்லை. வாரத்துக்கு இரண்டு டிராயிங் பீரியடையும் கணக்குக்குக் கொடுத்துவிட்டார்கள். பெற்றோர் கூட்டத்தில் அதை அறிவித்தபோது நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். நானும்தான்.

ஆக, செவ்வாய்க்கிழமை நான், தர்ஷினி, மது மூன்று பேரும் பஸ் பிடித்துப் போனோம். மதுவை யாரும் கூப்பிடவில்லை. "நானும் வரேம்மா" என்று தோளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிரே சுவர் முழுக்கச் சார்ட். மனித இதயம். சிறுநீரகம். மழைநீர் சேகரிப்பு. வாசலில் ‘நல்வரவு’ பலகை, அதைச் சுற்றித் தாமரைக் கொடி. எல்லாம் தர்ஷினி வரைந்தது. இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றால் இரண்டு நாள் வகுப்புக்குப் போகாமல் இவள்தான் தரையில் மண்டி போட்டு வரைவாள் என்று மது சொல்லியிருக்கிறாள். ஒன்றின் கீழேகூட அவள் பெயர் இல்லை. ‘பயாலஜி துறை’ என்று எழுதியிருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள்.

தலைமை ஆசிரியை மரியாதையானவர். உட்காரச் சொன்னார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். பிறகு தர்ஷினியின் ஃபைலைத் தொடாமலே ஆரம்பித்தார்.

"இதப் பாருங்க மேடம். இப்பல்லாம் இதுக்குன்னே கோச்சிங் சென்டர் வச்சிருக்காங்க. அவங்களே வரைஞ்சு குடுத்துடறாங்களாம். நாளைக்கு ஏதாவது பிரச்சினைன்னா என் கையெழுத்துதானே நிக்கும்? இவ வரைஞ்சதை நான் கண்ணால பாத்தேனா?"

"வெளியில அந்தச் சார்ட் எல்லாம் யாரு வரைஞ்சது மேடம்?" என்றேன்.

"அது ஸ்டூடண்ட்ஸ் சேர்ந்து பண்ணது."

"எந்த ஸ்டூடண்ட்ஸ்?"

தலைமை ஆசிரியை மணியை அடித்தார். பயாலஜி ஆசிரியையைக் கூப்பிட்டு அனுப்பினார். சுதா மிஸ் என்று வைத்துக்கொள்வோம். வந்து, சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கதவோரமாகவே நின்றார். "நல்லா வரைவா மிஸ்" என்றார். "ஆனா இந்தப் படமெல்லாம் நான் பாத்ததில்ல." தர்ஷினியின் பக்கம் மட்டும் அவர் திரும்பவே இல்லை.

"பாத்தீங்களா?" என்றார் தலைமை ஆசிரியை. "எனக்கு அந்தப் பொண்ணு மேல ஒரு கோவமும் கிடையாது. ஆனா உண்மைன்னு தெரியாத ஒண்ணுக்கு நான் கையெழுத்து போட்டதில்ல. இத்தனை வருஷ சர்வீஸ்ல அது என் கொள்கை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வரைவதற்கு ஒரு பீரியட் கொடுக்கவில்லை. ஒரு ஆசிரியர் கொடுக்கவில்லை. கணக்கு நோட்டின் ஓரத்தில் வரைந்ததற்காக இதே பெண்ணை எட்டாம் வகுப்பில் ஒரு மணி நேரம் வெளியே நிற்க வைத்தார்கள். அப்படி இருக்க, இவள் வரைந்ததை நாங்கள் பார்க்கவே இல்லை என்றால் அது யார் குற்றம்? பார்க்க மறுத்தவர்களுடைய குற்றமா, பஸ்ஸில் நின்றுகொண்டே வரையக் கற்றுக்கொண்டவளுடைய குற்றமா? இதையெல்லாம் நான் கேட்டேன். நன்றாகவே கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்ததும் ஆபீஸ் கிளார்க் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நாளைக்கு இதைப் பத்தியில் எப்படி எழுதலாம் என்றுகூட உள்ளுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மது தன் பையைத் திறந்தாள்.

உள்ளேயிருந்து அவளுடைய சுவாலஜி ரெக்கார்டு நோட்டை எடுத்தாள். பிரவுன் அட்டை, மேலே லேபிள். பிராக்டிகல் முடிந்ததும் பள்ளியில் திருப்பிக் கொடுத்தது. மேஜையில் வைத்து முதல் பக்கத்தைப் பிரித்தாள்.

ரெக்கார்டு நோட்டின் முதல் பக்கம் ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? ஒரு சான்றிதழ் அச்சடித்திருக்கும். இன்னார், இன்ன வகுப்பு, இந்த ஆண்டில் தாமே செய்த செய்முறைப் பயிற்சிகளின் உண்மையான பதிவு இது என்று சான்றளிக்கப்படுகிறது. கீழே பாட ஆசிரியர் கையெழுத்து. தலைமை ஆசிரியர் கையெழுத்து. பச்சை மையில், சீலுடன்.

"மிஸ், இதுல இருக்கிற படத்துல ஒண்ணுகூட நான் வரையல" என்றாள் மது. "எல்லாம் தர்ஷினி வரைஞ்சது. நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க."

தலைமை ஆசிரியை குனிந்து தன் கையெழுத்தையே பார்த்தார்.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. பயம். ரிசல்ட் இன்னும் வரவில்லை. பிராக்டிகல் மார்க் இவர்கள் கையில். இந்த அசடு என்ன சொல்லித் தொலைக்கிறது? மேஜைக்குக் கீழே மதுவின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். ஆமாம், நான்தான். ஒரு நிமிஷம் முன்னால் நியாயத்துக்காக முழங்கிக்கொண்டிருந்த அதே நான்.

இன்னும் மோசமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ரெக்கார்டை வரைந்து தரச் சொன்னது மது இல்லை.

அரைப் பரீட்சை லீவில் தர்ஷினியை வீட்டுக்கு வரவழைத்தேன். "மதுவுக்கு நீட் கோச்சிங்லயே நேரம் போயிடுதும்மா. நீதான் நல்லா வரைவியே, கொஞ்சம் போட்டுக் குடுத்துடேன்" என்றேன். டைனிங் டேபிளில் உட்கார்ந்து நாலு மத்தியானம் வரைந்தாள். பாரமீசியம், கருமுட்டை, தைமஸ் சுரப்பி. நான் அடை வார்த்துப் போட்டேன். வெல்லமும் வெண்ணெயும் வைத்தேன். பக்கத்து ஃப்ளாட் மாமியிடம், "பாவம், அந்தப் பொண்ணுக்கு வரையறதுன்னா அவ்வளவு இஷ்டம்" என்று சொன்னேன். என் மகளின் நேரத்துக்கு மதிப்பு உண்டு, அவளுடைய நேரம் சும்மா கிடக்கிறது என்பதைத்தான் அப்படி நாசூக்காகச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கும் அதே பிளஸ் டூதானே? அவளுக்கும் அதே ரெக்கார்டுதானே?

நான் ஒருத்திதானா? வகுப்பில் முப்பது ரெக்கார்டு இவள் வரைந்தது. முப்பது வீட்டிலும் ஒரு அம்மா ஏதோ ஒரு பலகாரம் செய்து கொடுத்திருப்பாள்.

"ரிசல்ட் இன்னும் வரலை. தெரியுமில்ல?" என்றார் தலைமை ஆசிரியை. குரல் தாழ்ந்துவிட்டது.

"தெரியும் மிஸ்" என்றாள் மது. நோட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினாள்.

அடுத்து நடந்ததுதான் என்னை இன்றுவரை தொந்தரவு செய்கிறது. அதுவரை வாயே திறக்காத தர்ஷினி எழுந்து, "இல்ல மிஸ். அவ சும்மா சொல்றா. அவ ரெக்கார்டு அவதான் வரைஞ்சா" என்றாள்.

யோசித்துப் பாருங்கள். அவள் காலேஜ் கனவுக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்த நோட்டு. அது பொய் என்று அவளே சொல்கிறாள், என் மகளின் மார்க் போய்விடக் கூடாது என்று. நான்? இன்னும் துப்பட்டாவை விடவில்லை.

"சும்மா சொல்லல மிஸ்."

கதவோரத்திலிருந்து வந்தது குரல். சுதா மிஸ்.

"எனக்குத் தெரியும். முப்பது ரெக்கார்டும் நான்தான் திருத்தினேன். பாகம் குறிக்கிற அம்புக்குறி எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கும். ஷேடிங் பண்ற புள்ளி ஒரே மாதிரி இருக்கும். ஒரே கைதான். தெரிஞ்சும் பேசாம கையெழுத்து போட்டேன் மிஸ்." சொல்லிவிட்டு, முதல் முறையாகத் தர்ஷினியைப் பார்த்தார். "போன வருஷம் என் பொண்ணு ரெக்கார்டையும் இவதான் வரைஞ்சா."

தலைமை ஆசிரியை ரெக்கார்டு நோட்டை மூடினார். பிறகு அதை மதுவிடம் தள்ளி, "இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. வேற யார்கிட்டயும் காட்ட வேண்டாம்" என்றார். பேனாவைத் திறந்தார். தர்ஷினியின் படிவத்தில் கையெழுத்து போட்டார். சீல் வைத்தார். படிவத்தை அவர் படித்த மாதிரி தெரியவில்லை, ஃபைலையும் திறக்கவில்லை.

இப்போது சொல்லுங்கள், எனக்கு எரிச்சல் வருமா வராதா? முப்பது பொய்க்கு யோசிக்காமல் போட்ட கையெழுத்து, ஒரு நிஜத்துக்குப் போட இரண்டு நாள் ஆயிற்று. அதுவும் நிஜம் என்று ஏற்றுக்கொண்டு போட்டதில்லை. அந்த முப்பதும் வெளியே வந்துவிடுமோ என்று போட்டது. பச்சை மைக்கு இது தெரியாது. காலேஜுக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தெரியும்.

கதை இதோடு முடியவில்லை. நாங்கள் எழுந்து வாசல் வரை வந்துவிட்டோம். பின்னாலிருந்து குரல்.

"தர்ஷினி... புது அட்மிஷனுக்கு கேட் பக்கத்துல ஒரு போர்டு வைக்கணும்மா. நாளைக்கு வந்து அழகா ஒண்ணு வரைஞ்சு குடுத்துட்டுப் போயேன்."

சத்தியமாக. நான் கற்பனை செய்து எழுதுகிற ஆளாக இருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டேன், நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று விட்டிருப்பேன்.

தர்ஷினி நின்றாள். இந்தப் பெண் பள்ளியில் யாரிடமும் முடியாது என்று சொன்னதே இல்லை என்று மது சொல்வாள்.

"கீழ என் பேரு எழுதிக்கலாமா மிஸ்?"

"ஸ்கூல் போர்டுல ஸ்டூடண்ட் பேரு எதுக்கும்மா?"

"அப்ப முடியாது மிஸ்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்கினாள். சுதா மிஸ் எங்களுடன் கேட் வரை நடந்து வந்தார். பஸ் வரும்வரை நின்றுவிட்டுப் போனார்.

அன்று மத்தியானமே விண்ணப்பத்தைப் பதிவேற்றிவிட்டோம். திரையில் ‘பெறப்பட்டது’ என்று வந்ததும் தர்ஷினி அதை மொபைலில் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினாள். ஷிஃப்ட் முடிந்ததும் முருகேசன் எனக்குப் போன் செய்தார். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் தயாராகவே எடுத்தேன்.

"அக்கா, பாப்பா எல்லாம் சொன்னா. மது பாப்பாவுக்கு இதனால மார்க் ஏதும் கொறஞ்சிடாதே? அத நெனச்சா எனக்கு வேலையே ஓடலைக்கா."

"ஒண்ணும் ஆகாது முருகேசன்" என்று முனகிவிட்டு வைத்தேன். ஒன்றும் ஆகாது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் ஆகிவிட்டால்தான் என்ன என்று அப்போதுதான் முதல் முறையாகத் தோன்றியது. அந்த மார்க்கில் மதுவுடையது எவ்வளவு என்று எனக்குத் தெரியுமே.

இதையெல்லாம் எழுதலாமா என்று மதுவிடம் கேட்டேன். "எழுதும்மா" என்றாள். "ஆனா மிஸ்ஸை மட்டும் திட்டி எழுதாத. நீ அடை போட்டதையும் எழுது."

எழுதிவிட்டேன்.

தர்ஷினிக்கு இன்னும் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம். எனக்கு அந்தக் காலேஜைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய ரெக்கார்டு நோட்டு இருக்கும். அதில் யார் யார் கையெழுத்தெல்லாமோ இருக்கும். வரைந்தது யார் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

இந்த வாரம் மேலே இருக்கும் படத்தைப் பார்த்தீர்களா? மர பெஞ்ச், அதன் மேல் முகமில்லாத மூன்று ஜோடிக் கைகள். ஒன்று ஒரு துப்பட்டாவின் நுனியை இறுக்கிப் பிடித்திருக்கிறதே, அது என் கை. வரைந்தது தர்ஷினி. சன்மானம் அவள் பெயருக்குப் போகும். எடிட்டரிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னேன்: இடம் போதவில்லை என்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள், அவள் பெயரை எடுக்காதீர்கள்.